அண்ணன் தட்டுவதை நிறுத்திய பிறகு

என்னை லைன் லீடர் ஆக்கியதற்குக் காரணம் என் வேலை இல்லை, என் வாய். பத்தாவதை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் கோட்டை விட்டவன் நான். மூன்றாவது தடவை எழுதச் சொன்ன வாத்தியாரிடம், கணக்குக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்தவில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் சிரித்தார். சிரிக்க வைத்துவிட்டால் போதும், எந்த இடத்திலிருந்தும் கழன்று வந்துவிடலாம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய லாண்டரியில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்ப வேண்டும். பெங்களூருக்கு இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. தங்க வயலிலிருந்து காலை ரயிலில் போய் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கினால் கம்பெனி வேன் நிற்கும். எங்கள் ஊரிலிருந்து ஆறு பேர் போனோம். லாண்டரியில் எங்களுக்கு ட்ரெயின் பேட்ச் என்று பெயர்.

மேனேஜர் ஒரு மேடம். ஹாசன் பக்கத்துக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார், ஆனால் ஏதாவது ஒன்றை மனதிலிருந்து சொல்லும்போது கடைசி இரண்டு வார்த்தை கன்னடத்துக்குப் போய்விடும். என்னை லீடர் ஆக்கிய அன்று கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"எல்லாரும் உன்கிட்ட பேசுறாங்க. அதனாலதான் உன்ன லீடர் பண்றேன். யாருக்கு யார்கூட பிரச்சனைன்னாலும், எவ்ளோ சின்னதா இருந்தாலும், அன்னைக்கே என்கிட்ட சொல்லு. பெருசானப்புறம் வந்து சொன்னா நான் ஏனு மாடலி?" நான் என்ன செய்வேன் என்று கேட்டார்.

எங்கள் பேட்ச்சில் சின்னப் பிரச்சனையே கிடையாது மேடம், எல்லாம் பெரிய சைஸ்தான் என்றேன். அவர் சிரித்தார். நானும் கழன்று வந்தேன்.

இந்த ஆறு பேரில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருவர் அக்கா. நாற்பது வயதுக்கு மேல், கணவர் இல்லை, மகள் நர்சிங் படிக்கிறாள். ரயில் கிளம்பும் மாரிக்குப்பத்திலேயே ஏறிவிடுவார். ஏறியதும் எங்களுக்கெல்லாம் சீட் பிடிப்பார். தண்ணீர் பாட்டில் ஒரு சீட், துப்பட்டா ஒரு சீட், குடை ஒரு சீட், கைக்குட்டை ஒரு சீட். ஜன்னலோர சீட்டில் மட்டும் அவருடைய சாப்பாட்டுப் பை இருக்கும். அது அண்ணனுக்கு.

அண்ணன் இரண்டாவது ஆள். ஐம்பத்துநாலு வயது. என்னைப் போல சாம்பியன் ரீப்ஸில் ஏறுகிறவர். முழங்கால் மடங்காது என்பதால் காலை நீட்ட ஜன்னலோரம் வேண்டும். வீட்டில் அவரும் மனைவியும்தான். சர்க்கரை வியாதியில் அந்த அம்மாவுக்குக் கண் போய்விட்டது. பகலில் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வாள். சாயங்கால ரயில் ஊதும் சத்தம் கேட்டதும் அவள் தன் வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். அதற்குமேல் ஊசி போடுவது, சோறு பிசைந்து கையில் கொடுப்பது எல்லாம் அண்ணன்தான்.

நல்லவேளையாக எங்கள் பேட்ச்சுக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும். லாண்டரியில் மற்றவர்கள் மூன்று ஷிஃப்டிலும் சுற்றுவார்கள். ஆறு பேரும் ஒரே ரயிலில் வந்து ஒரே ரயிலில் போகிறார்கள், ஒரு நாளும் லேட் இல்லை, இவர்களை விட்டுவிடுங்கள் என்று மேடம் மேலிடத்துக்கு எழுதி வாங்கிய சலுகை அது. பேட்ச் உடைந்தால் ஷிஃப்ட் சுற்றும். ஷிஃப்ட் சுற்றினால் ரயில் கிடைக்காது. ரயில் இல்லையென்றால் அண்ணனுக்கு வேலை இல்லை. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அண்ணனும் அக்காவும் ரோலர் மெஷினில் ஜோடி. ஆளுயரத்துக்கு நீளமான உருளைகள், தொட்டால் தோல் கழன்றுவிடும் சூடு. ஈர விரிப்பின் ஒரு முனையை இவர் பிடிப்பார், மறுமுனையை அவர் பிடிப்பார். இழுத்து நேராக்கி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உருளைக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் துணி கோணலாக உள்ளே போகும். அந்தப் பக்கம் வரும்போது குறுக்கே ஒரு சுருக்கம் இருக்கும். அதைத் திரும்ப நனைத்துத்தான் எடுக்க முடியும்.

அந்தச் சத்தத்தில் ரெடியா, விடலாமா என்று கத்தினால் பக்கத்து ஆளுக்கே கேட்காது. அண்ணன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய அப்பா சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடித்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்குத்தான் கேஜ் என்று பெயர். எத்தனை மணி அடித்தால் நிற்க வேண்டும், எத்தனை அடித்தால் கிளம்ப வேண்டும் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. அண்ணன் அதைச் சுருக்கிக்கொண்டார். விரலில் ஒரு இரும்பு மோதிரம். மெஷினின் தகரத்தில் அதனால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் அனுப்பு. டக் டக், துணி போய்விடும். டக் டக், அடுத்தது. நான்கு வருஷமாக அக்கா அவர் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தார். மற்ற ஜோடிகள் வாய் வலிக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது இவர்கள் இரண்டு பேரும் பூஜையில் நிற்கிறவர்கள் மாதிரி பேசாமல் நிற்பார்கள். மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் மேடம் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது இவர்களைத்தான்.

நான் லீடராகி இரண்டு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை கை கழுவுகிற இடத்தில் அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, அண்ணனுக்கு எடது கை சரியில்ல. ரெண்டு தட்டு தட்டுறாரு, ஆனா துணி உடனே வரல. விரலு மரத்துப் போவுதுனு நெனைக்கிறேன். நான்தான் இழுத்து இழுத்து சரி பண்ணினு கீறேன். மேடம்கிட்ட சொல்லி அவர பத்து நாளு மடிக்கிற டேபிளுக்குப் போடச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத. நொந்துடுவாரு மனுசன்."

நான் தலையாட்டினேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மேடம் போனில் இருந்தார், நான் கதவருகில் நின்றுவிட்டு வந்துவிட்டேன். இது ஒரு சாக்கு. உண்மையில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஊர்க்காரனைப் பற்றி மேடமிடம் போய்ச் சொல்வது காட்டிக்கொடுப்பது மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் யாரையும் உட்காரவைத்துப் பேசும் வழக்கம் கிடையாது. பட்டப்பெயர் வைப்போம். லேட்டாக வருகிறவனுக்கு ஒரு பெயர், கடன் கேட்கிறவனுக்கு ஒரு பெயர், ஊர்வம்பு பேசுகிறவனுக்கு ஒரு பெயர். நாலு பேர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தால் ஆள் தானாகப் புரிந்துகொண்டு சரியாகிவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. யாரும் சரியாகி நான் பார்த்ததில்லை. இருந்தாலும் நம்பிக்கை.

மறுநாள் காலை ரயில் பங்காரப்பேட்டையை நெருங்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. எத்தனை மணி நேரமாக நிற்கிறதோ, அதன் மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. அண்ணன் ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ணா, உங்க சொந்தக்காரரு நிக்கிறாரு, ஒரு வணக்கம் வெக்கிறது."

"யாருடா?"

"தோ, கூட்ஸு. ரெண்டு தட்டு தட்டி சிக்னல் குடுத்தாலும் ஒடனே கெளம்பாது. யோசிச்சு, பேசி, வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுதான் கெளம்பும்."

சொல்லிவிட்டு, வாயைக் குவித்து, கூட்ஸ் வண்டியின் ஹாரன் மாதிரி நீளமாக ஊதினேன். அந்த ஹாரன் எனக்கு நன்றாக வரும். பெட்டி முழுக்கச் சிரித்தது. எதிர் சீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து, ஆஹா, மருந்து இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். அக்கா. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டில் மூடியைத் திருகத் தொடங்கினார். அண்ணன் அதைப் பார்த்தார். யார் சொல்லி இது எனக்குத் தெரிந்தது என்று அவருக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்கும். எனக்குத்தான் எதுவும் புரியவில்லை, நான் இரண்டாவது தடவை ஊதிக்கொண்டிருந்தேன்.

லாண்டரியிலும் அது தொடர்ந்தது. அண்ணன் டக் டக் என்று தட்டியதும் மடிக்கிற டேபிளிலிருந்து நான் ஒரு ஹாரன். மறுநாள் வேறு இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்கு மறுநாள் ஷிஃப்ட்டே ஊதியது. துவைக்கிற பக்கத்தில் இருந்த பிஹார் பையன்களுக்குத் தமிழ் தெரியாது, கூட்ஸ் என்றால் யாரென்று தெரியும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார், அடுத்த துணியை எடுப்பார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தட்டும் சத்தம் நின்றது. ஹாரனும் நின்றது. ஒரு பிரச்சனை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை காலை அண்ணன் ரயிலில் ஏறி உள்ளே வரவில்லை. வாசலருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்கா எப்போதும் போல ஜன்னலோர சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார். கொரமண்டல் ஸ்டேஷன் போய், பங்காரப்பேட்டை போய், கூட்டம் நெரிந்தது. பை அப்படியே இருந்தது. ஏறிய ஒரு ஆள் சண்டைக்கு வந்தார்.

"ஆளே இல்லாத சீட்டுக்கு பை இன்னாத்துக்குமா?"

"ஆளு கீறாரு. நின்னுனு கீறாரு," என்றார் அக்கா.

மடங்காத காலோடு அவர் அவ்வளவு தூரமும் நின்றே வந்தார். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. அக்கா பையை எடுக்கவில்லை. அவர் வந்து உட்காரவில்லை. ஜன்னலோரம் காலியாக ஒரு சீட், பக்கத்தில் அக்கா, அவருக்கு அடுத்து நான். நான் அதை வைத்தும் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை. மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள் என்பது ஞாபகமிருக்கிறது.

அன்று வேனில் அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார், மேடமிடம் சொன்னாயா என்று. சொல்லிவிட்டேன் அக்கா, பார்த்துக்கொள்கிறார்களாம் என்றேன். பொய். நாளைக்குச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும், ஒரு நாள் முன்னே பின்னேதானே என்று ஒரு கணக்கு. நான் சொன்னதை நம்பி, மேடத்துக்குத் தெரியும் என்று அக்கா காத்திருந்தார். நான் சொல்லவில்லை என்று தெரிந்திருந்தால் அவரே போயிருப்பார். அவர் தயங்குகிற ஆள் இல்லை.

அண்ணனும் ஒரு தடவை வாயைத் திறந்தார். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் சாயங்காலம் இறங்கி, இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தோம். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று. கண்ணில் தூசி விழும் என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்திருந்தோம்.

"மேடம் வரிக்கும் போயிட்டுதாடா?" என்றார்.

"இன்னாது ணா?"

"ஒண்ணுமில்ல நைனா," என்றார்.

அப்போது அவர் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். உள்ளே விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருப்பது துணிக்கு மேலே தெரிந்தது. கை எப்படி இருக்கிறது ணா என்று கேட்டிருக்கலாம். அவ்வளவு சின்னக் கேள்வி. ஸ்டேஷனிலிருந்து, சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான லைனுக்கு அவர் திரும்புகிற இடம் வரை நேரமும் இருந்தது. ஆனால் அதைச் சிரிக்காமல் கேட்க வேண்டும். எனக்குச் சிரிக்காமல் ஒன்றும் கேட்கத் தெரியாது.

மேடமும் கவனித்தார். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அடுத்த நாள் ஒரு மடித்த விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குறுக்கே ஒரு சுருக்கம். இந்த வாரம் இந்த மாதிரி நிறைய வருகிறது, அவர்கள் இரண்டு பேருக்கும் என்ன என்று கேட்டார். என்னிடம் அப்போது எல்லாமே இருந்தது. கை மரத்துப்போவது, அக்கா சொன்னது, மோதிரம் கழற்றியது, காலி சீட். நான்கு வாக்கியம்.

"ஒண்ணுமில்ல மேடம், பழைய ஜோடி. புருசன் பொண்டாட்டி மாதிரி பேசாம கீறாங்க. ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, சரி, சனிக்கிழமை நானே பேசுகிறேன் என்று போனார். சனிக்கிழமை யாரோ சோதனைக்கு வந்தார்கள். அவர் நாள் முழுக்க அவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை நடந்தது.

ஓட்டலுக்குப் போகிற பெரிய விரிப்பு, தண்ணீர் குடித்துக் கனமாக இருந்தது. தட்டும் சத்தம் இல்லாததால் அக்கா அண்ணன் கையையே பார்த்துப் பார்த்துத்தான் துணியை விட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கை அசைந்தது என்று நினைத்துத் துணியை விட்டார். கை அசையவில்லை, நழுவியிருக்கிறது. துணி ஒரு பக்கமாக உள்ளே போய்ச் சுருட்டிக்கொண்டு இழுத்தது. மரத்துப்போன விரல்களுக்கு விட வேண்டும் என்று தெரியவில்லை. துணியோடு கையும் போனது. நல்லவேளை, உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு, விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும். நின்றது. ஆனால் சூட்டு உருளைக்குள் துணி மாட்டிக்கொண்டு நின்றது. இழுக்க முடியவில்லை. கருகும் வாசனை வந்தது, அப்புறம் புகை.

அண்ணனுக்கு இரண்டு விரல் நுனி சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். புகையைப் பார்த்து எல்லா மெஷினையும் நிறுத்தியிருந்தார்கள், ஹால் முழுக்க ஒரு அமைதி. நாங்கள் யாரும் அங்கே கேட்டிராத அமைதி. அதனால் அக்கா பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"ஒரு தட்டு தட்டியிருக்கலாமே ணா. கை வரலன்னு ஒரு தட்டு தட்டியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே."

"தட்டுனா சிரிக்கிறாங்கமா," என்றார் அண்ணன்.

யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். நான் மடிக்கிற டேபிளில் பாதி மடித்த ஒரு தலையணை உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை மடிப்பதா, கீழே வைப்பதா என்று தெரியவில்லை.

உருளையின் மேலுறை கருகிவிட்டது. மாற்ற ஒன்றரை நாள் ஆனது. ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அன்று போக வேண்டிய விரிப்புகள் போகவில்லை, அவர்கள் நேராக மேலிடத்துக்குப் போன் செய்தார்கள். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ட்ரெயின் பேட்ச் என்று இனி ஒன்று கிடையாது, எல்லோரும் எல்லோரையும் போல மூன்று ஷிஃப்டிலும் சுற்ற வேண்டும், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து.

மேடம் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன், திட்டவில்லை. அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"அவங்க உன்கிட்ட சொல்லி பதினஞ்சு நாளாச்சு, இல்லயா?"

ஆமாம் மேடம் என்றேன்.

"ரெண்டு பேரையும் இடம் மாத்தி விட்டிருப்பேன். அவர ஒரு டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன். பத்து நிமிஷ வேலை அது. ஒரு டீ குடிக்கிற நேரம்." மேஜையில் இருந்த கடிதத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "நானும்தான் சுருக்கத்தப் பாத்தேன். பாத்துட்டு உன்ன கேட்டேன். அவங்கள கேக்கல. நந்தே தப்பு."

என்னுடைய தப்புதான் என்று கன்னடத்தில் சொன்னார். மனதிலிருந்துதான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பாதித் தப்பை அவர் எடுத்துக்கொண்டதும் என் பங்கு என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலை ரயிலில் அக்கா அவருடையதோடு சேர்த்து நான்கு சீட் பிடித்திருந்தார். மற்ற மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். கை மாட்டிய நாளுக்குப் பிறகு அண்ணன் வரவில்லை. ஜன்னலோரத்தில் பை இல்லை, யாரோ ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் எதுவும் இல்லை. நான் வாசலருகே, அண்ணன் பிடித்துக்கொண்டு நின்ற அதே கம்பியைப் பிடித்து நின்றேன். முழங்கால் நன்றாக இருக்கிற எனக்கே பங்காரப்பேட்டை தாண்டியதும் கால் கடுத்தது.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை முதல் எங்கள் ஷிஃப்டுகள் வேறு வேறாகின. அடுத்த மாதம் அவர் லாண்டரியை விட்டு, பெங்களூருக்கு உள்ளேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் ஊருக்கு வருவதாகக் கேள்வி. அவர் போகிற சர்ச் எனக்கும் தெரிந்ததுதான். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அண்ணன் மறுபடி வரவே இல்லை. முதல் வாரமே இரண்டாவது ஷிஃப்ட் போட்டிருந்தார்கள். அது முடியும் நேரத்துக்குத் தங்க வயலுக்கு ரயில் கிடையாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணனை மட்டும் மடிக்கிற டேபிளில், பகல் ஷிஃப்டில் எடுத்துக்கொள்ளும்படி மேடம் எழுதினால் என்ன. அக்கா முதல் நாள் கேட்டதும் அதைத்தானே. போய்ச் சொன்னேன், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிக்காமல். மேடம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த மாதக் கடைசியில் மேடத்தையே வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என்னைக் கூப்பிட்டு, அவரைப் போய்ப் பார், நீயே போய்ச் சொல், போனில் சொல்லாதே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் போனேன். அண்ணன் வீடு பழைய சுரங்க லைனில், ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நடக்கிற தூரம். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை ஒரு தலையணையின் மேல் வைத்திருந்தார். அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை கிள்ளிக்கொண்டிருந்தார். கண் தெரியாத கை, ஒரு இலை கூடத் தண்டோடு போகவில்லை.

யார் என்று கேட்டார். ட்ரெயின்ல வருவானே, அந்தத் தம்பி என்றார் அண்ணன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"நீதானாபா அது? தெனம் வந்து உன் ஜோக்கெல்லாம் சொல்லுவாரு. இப்பதான் வேலையில்லாம சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. புதுசா ஏதாவது கீதா, சொல்லு."

ஒன்றுமில்லை மா என்றேன்.

கூட்ஸ் ஜோக்கை அண்ணன் வீட்டில் சொல்லவில்லை. அந்த அம்மா கேட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் சொன்ன மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்து இங்கே இறக்கியிருக்கிறார், அந்த ஒன்றை மட்டும் வழியில் எங்கோ தனியாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

கை எப்படி ணா இருக்கிறது என்று கேட்டேன். கழுத்து நரம்பாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மாத்திரையிலும் ஓய்விலும் போயிருக்கும், இப்போது போகப் போகப் பார்க்கலாம் என்றாராம் டாக்டர். பங்காரப்பேட்டையில் வாட்ச்மேன் வேலை ஒன்று இருக்கிறது, ஆனால் ராத்திரிக்கு ஆள் வேண்டுமாம். அந்த அம்மாவின் பக்கம் கண்ணைக் காட்டி, கையை விரித்தார்.

நான் சொல்ல வந்ததைத் தொடங்கினேன். "ணா, மேடம் எழுதிக் கேட்டாங்க…"

"சிரிக்காம உள்ள வந்தியே, அப்பவே தெரிஞ்சு போச்சுடா," என்றார்.

மேலே எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. லைனில் நடந்து வரும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "ணா, நான்தான் அன்னிக்கு…" என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் வலது கை விரலால் நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டினார். மோதிரம் இல்லை, பிளாஸ்டிக்கில் மந்தமாகத்தான் கேட்டது. ஒரு தட்டு. நான் நிறுத்தினேன்.

கோபமாகத் தட்டவில்லை. அந்த அம்மாவின் காதில் விழ வேண்டாம் என்று தட்டினார். அவர் கீரையைக் கிள்ளிக்கொண்டு, எனக்குக் காப்பி போடச் சொன்னார். வேண்டாம் என்று எழுந்தேன். எழுந்த பிறகும் போகத் தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அண்ணன் இரண்டு தட்டு தட்டினார்.

வாசல் வரை கூட வந்தார். அப்போது ஒரு ஆட்டோ லைனில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவரை எனக்குத் தெரியாது, எங்கள் ரயிலில் வருகிறவரும் இல்லை. அண்ணனைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, அன்பாகத்தான் கேட்டார்.

"இன்னா கூட்ஸ் ணா, இன்னும் சிக்னல் வுழலயா?"

அண்ணன் சிரித்தார். பங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை ஊதாமல், பக்கத்தில் நின்று பார்த்தேன்.